இ.எஸ்.பி.எல். இருக்கிறதா? டிஸ்க் வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

பாக்டீரியாவிடம் மருந்தை உடைக்கும் இ.எஸ்.பி.எல். நொதி இருக்கிறதா என்று பார்க்கும் இந்தச் சோதனை, போன ஐப்பசி மழையில் மூன்று நாள் என்னை அலைக்கழித்தது. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். பிளேட் ஊற்றுவது, ஸ்வாப் தேய்ப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொண்டே இருக்கும். சுவர் கட்டும் அந்தக் கொத்தனாரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதுதான் பெனிசிலின், செஃபோடாக்சிம் போன்ற மருந்துகளின் வேலை. அந்தப் பிடிக்குக் காரணம், மருந்தில் இருக்கும் பீட்டா லாக்டம் என்ற நான்கு அணு வளையம். பீட்டா லாக்டமேஸ் நொதி தண்ணீரைச் சேர்த்து அந்த வளையத்தை உடைத்துவிடும். 1940இலேயே ஆபிரகாமும் செயினும் பெனிசிலினை அழிக்கும் நொதியைப் பற்றி எழுதிவிட்டார்கள். செஃபோடாக்சிம், செஃப்டாசிடிம் வரைக்கும் உடைக்கும் வகைதான் இ.எஸ்.பி.எல். கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியை முடக்கும். சோதனையின் சூட்சுமமே அதுதான்.

0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலை ஒப்பிடும் அளவு) வரும்படி கல்ச்சரைக் கரைத்து, 15 நிமிடத்துக்குள் முல்லர் ஹின்டன் பிளேட்டில் தேய்த்துவிடுங்கள். செஃபோடாக்சிம் 30 மைக்ரோகிராம் டிஸ்க் (மருந்து ஊறிய சின்னக் காகித வட்டு) ஒன்று. அதே மருந்து கிளாவுலானிக் அமிலத்தோடு, 30/10, இன்னொன்று. செஃப்டாசிடிமுக்கும் இப்படியே ஒரு ஜோடி. 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம்.

இப்போது என்னைக் கவிழ்த்த இடம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு டிஸ்க் குப்பியைத் திறந்துவிடுவேன். மழைக்காலக் காற்று பட்டதும் குப்பிக்குள் பொடிப் பொடியாக நீர் கோத்துக்கொள்ளும். கிளாவுலானிக் அமிலம் ஈரம் தாங்காது. அது செத்த பிறகு நொதியை யார் தடுப்பது? இரண்டு டிஸ்கைச் சுற்றியும் பாக்டீரியா வளராத வட்டம் ஒரே அளவில் வந்தது. நெகட்டிவ் என்று எழுதப் போனேன். நல்லவேளை, இ.எஸ்.பி.எல். உறுதியான ஏ.டி.சி.சி. 700603 என்ற கிளெப்சியெல்லா பாக்டீரியாவையும் கண்ட்ரோலாகக் கூடவே வைத்திருந்தேன். அதுவும் நெகட்டிவ் காட்டியது. குப்பி அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள். சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து ரோஸாகிவிட்டால் மாற்றிவிடுங்கள். கண்ட்ரோல் இல்லாமல் ரிப்போர்ட் எழுதவே கூடாது என்பது என் பிடிவாதம்.

சரி, அளப்பது. ஏதாவது ஒரு ஜோடியில், கிளாவுலானிக் சேர்த்த டிஸ்கின் வட்டம் சேர்க்காததன் வட்டத்தைவிட 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். 14, 22 என்று வந்தால் சந்தேகமே இல்லை. 4-ஆ 5-ஆ என்று இழுக்கும்போது பிளாஸ்டிக் ஸ்கேல் உதவாது. வெர்னியர் காலிப்பர் வாங்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை: கண்ட்ரோல் சரியாக வந்தும், நான்கு டிஸ்கைச் சுற்றியும் வட்டமே இல்லை என்று மேலூரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். அது ஆம்ப்-சி என்ற பீட்டா லாக்டமேஸாக இருக்கலாம், என்.டி.எம். என்ற இன்னொன்றாகவும் இருக்கலாம். இரண்டுமே கிளாவுலானிக் அமிலத்துக்கு மசியாதவை, என்.டி.எம். துத்தநாகத்தை வைத்து வேலை செய்யும் வேறு ஜாதி. 'இ.எஸ்.பி.எல். நெகட்டிவ்' என்று மட்டும் எழுதினால், செஃபோடாக்சிம் வேலை செய்யும் என்று டாக்டர் நினைத்துவிடுவார். மெரோபெனெம் என்ற மருந்தின் டிஸ்கும் வைத்துப் பாருங்கள். அதிலும் வட்டம் சுருங்கியிருந்தால் ரிப்போர்ட் போகும்வரை காத்திராமல் டாக்டருக்கு ஃபோன் போடுங்கள்.