ஆல்புமினைப் பார்க்காமல் அனயான் கேப்பை நம்பாதீர்கள்

வார்டில் ஒருவருக்கு, ரத்தத்தின் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 16 எனக் குறைந்து (ரத்தத்தில் அமிலம் கூடியிருக்கலாம்) ரிப்போர்ட் வந்ததும் சோடாபைகார்ப் ஊசியைத் தேட வேண்டாம். முதலில் கணக்கு. சோடியம் 138, குளோரைடு 108. சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் வருவது அனயான் கேப், இங்கே 14. இது ஏறினால், அளக்காத அமிலம் ஏதோ ரத்தத்தில் சேர்ந்திருக்கிறது என்று பொருள். பரவாயில்லை போலத்தான் தெரியும். ஆனால் நாள்பட்டுப் படுத்திருப்பவர்களுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைந்திருக்கும்; அதனால் கேப்பும் குறைத்துக் காட்டும். ஆல்புமின் டெசிலிட்டருக்கு 4 கிராமுக்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் கேப்பில் 2.5 கூட்டுங்கள். ஆல்புமின் 2 என்றால், அந்த 14 உண்மையில் 19. இனி அமிலம் எங்கிருந்து வந்தது என்று அறிய லாக்டேட், கீட்டோன், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பார்த்தே ஆகவேண்டும்.

டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவரா? சுகர் 200-க்குக் கீழே இருந்தாலும் கீட்டோஅசிடோசிஸ் (கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமாவது) வரலாம். சிறுநீர் ஸ்ட்ரிப்பை மட்டும் நம்பாமல் ரத்தக் கீட்டோனே பாருங்கள்.

அப்புறம் ஏபிஜி, அதாவது தமனி ரத்தத்தின் வாயுப் பரிசோதனை. பைகார்பனேட்டை 1.5-ஆல் பெருக்கி 8 கூட்டினால், இவருக்கு கார்பன் டை ஆக்சைடு 32 இருக்க வேண்டும், 2 முன்னே பின்னே. 40 என்று வந்தால் ‘நார்மல்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். அமிலத்துக்கு ஈடாக மூச்சு கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றவில்லை, ஐசியூவைக் கூப்பிடுங்கள்.

கேப் ஏறவே இல்லையென்றால் வயிற்றுப்போக்கைக் கேளுங்கள், நாமே டிரிப்பில் ஏற்றிய நார்மல் சலைன் உப்புநீரையும் எண்ணுங்கள். லிட்டருக்கு 154 குளோரைடு, சும்மாவா!

வைத்தியம் காரணத்துக்குத்தான். ரத்தத்தின் அமில அளவான பிஎச், லாக்டேட் காரணமானால் 7.1-க்கும், கீட்டோன் காரணமானால் 7.0-க்கும் கீழே போகாதவரை பைகார்பனேட் பொதுவாகத் தேவைப்படாது. கீட்டோஅசிடோசிஸில் பொட்டாசியம் பார்க்காமல் இன்சுலின் தொடங்காதீர்கள்; 3.5-க்குக் கீழே இருந்தால் முதலில் பொட்டாசியம்தான்.