மரக் கங்காருக்களின் உறவு மரத்தை டிஎன்ஏவில் இருந்து வரைவது எப்படி?

எந்த மரக் கங்காரு எதற்கு நெருங்கிய உறவு என்பதைப் பாதத்தை வைத்துச் சொல்லும் வழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது. லும்ஹோல்ட்ஸ், பென்னட், இனுஸ்டஸ் ஆகிய மூன்றுக்கும் நீண்ட பாதம், மற்றவற்றுக்குக் குட்டைப் பாதம். ஆனால் மரமேறும் வாழ்க்கைதான் பாதத்தை மாற்றியமைக்கிறது. அதனால் பாதம் ஒத்திருந்தாலே உறவு என்று சொல்லிவிட முடியாது. டிஎன்ஏவைக் கேட்டுப் பார்க்க வேண்டும். வீட்டுக் கணினி போதும், மென்பொருட்கள் எல்லாம் இலவசம்.

முதலில் ஜென்பேங்க் என்ற இலவச டிஎன்ஏ தரவுத்தளத்தில், மரக் கங்காருக்களின் பேரினமான 'டெண்ட்ரோலேகஸ்' என்பதன் சைட்டோக்ரோம் பி வரிசைகளைத் தேடுங்கள். உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள இந்த மரபணு ஏறக்குறைய 1,140 எழுத்து நீளம். இறக்கியதும் மரம் வரைய ஓடாதீர்கள். பதிவு எண், இனம், விலங்கு எங்கே பிடிபட்டது என்று மூன்று பத்திகளில் ஓர் அட்டவணை போடுங்கள். என் மாணவர்களிடம் நான் விடாப்பிடியாகக் கேட்பது அந்த மூன்றாவது பத்தியைத்தான். டெயின்ட்ரீ ஆற்றுக்கு வடக்கே பென்னட், தெற்கே ஆதர்டன் பீடபூமிப் பக்கம் லும்ஹோல்ட்ஸ் என்று ஆஸ்திரேலியாவில் கணக்கு எளிது. நியூ கினியில் அப்படியில்லை. ஒவ்வொரு மலைத்தொடரிலும் தனி வகை இருக்கலாம். டென்கிலே என்ற இனம் டாரிசெல்லி மலையில், மாட்ஷி என்ற இனம் ஹுவான் தீபகற்பத்தில். 'நியூ கினி' என்று மட்டும் எழுதிய பதிவும், ஊர் தெரியாத மிருகக்காட்சிசாலை விலங்கின் பதிவும் எனக்குப் பாதி மதிப்புதான். பெயர்களும் மாறியிருக்கின்றன: இப்போது தனி இனமாகப் பலர் கருதும் ஸ்டெல்லாரம் முன்பு டோரியானஸின் துணையினமாகவும், புல்செரிமஸ் குட்ஃபெலோவின் துணையினமாகவும் எழுதப்பட்டன. பழைய பதிவில் உள்ள பெயரை அப்படியே நம்பினால் இரண்டு விலங்குகள் ஒன்றாகிவிடும். பிடிபட்ட இடம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, மரத்தின் வேர் எங்கே என்று காட்ட வெளியினம், அதாவது மரக் கங்காரு அல்லாத உறவு விலங்கு, வேண்டும். பாறை வாலபிகள்தான் மரக் கங்காருக்களின் மிக நெருங்கிய உறவினர்கள் என்று மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. அவற்றில் இரண்டு மூன்றைச் சேருங்கள், கூடவே பேடிமெலன் என்ற சிறிய கங்காரு வகை ஒன்றையும். தூரத்துச் சிவப்புக் கங்காருவை மட்டும் வைத்தால் வேர் தடுமாறும்.

வரிசைகளை மேஃப்ட் என்ற மென்பொருளில் ஒழுங்குபடுத்துங்கள், அதாவது ஒத்த எழுத்துகள் நேருக்கு நேர் வரும்படி அடுக்குங்கள். பிறகு புரத மொழிக்கு மாற்றிப் பாருங்கள். இதற்கு முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியா மரபுக்குறியீட்டு அட்டவணையைத் தேர்வு செய்வது கட்டாயம். வழக்கமான அட்டவணையில் டிஜிஏ என்ற மூன்றெழுத்து புரதத்தை முடிக்கும் நிறுத்தக் குறி, இங்கே அது டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம். சரியான அட்டவணையிலும் நடுவில் நிறுத்தக் குறி வந்தால், அது உயிரணுக் கருவுக்குள் நகர்ந்துபோன செயலற்ற நகலாக இருக்கலாம். அந்த வரிசையை எடுத்துவிடுங்கள்.

சரி, இப்போது மரம் வரையும் மென்பொருளான ஐக்யூ-ட்ரீ. கோடான் என்ற மூன்றெழுத்துத் தொகுதியின் மூன்று இடங்களையும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்துக் கொடுங்கள், மூன்றாம் இடம் மிக வேகமாக மாறும். எழுத்துகள் மாறும் விதத்துக்குப் பொருத்தமான கணித மாதிரியை மென்பொருளே தேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு கிளையும் எவ்வளவு நம்பகமானது என்று எண்ணில் சொல்லும் அதிவேக பூட்ஸ்ட்ராப் சோதனையை 1,000 முறை ஓட்டுங்கள். கிடைத்த மரத்தில் 95க்குக் கீழே இருக்கும் கணுக்களை (கிளை பிரியும் இடங்களை) உறுதியானவையாகக் கொள்ள வேண்டாம். நீண்ட பாதமுள்ள மூன்றும் ஒரே கிளையில் சேர்கின்றனவா, அந்தக் கணுவின் எண் என்ன என்று பாருங்கள்.

இதுவரை வந்தது அம்மா வழியின் கதை மட்டும். மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்தே வருகிறது. அதனால் உயிரணுக் கருவில் உள்ள மரபணுக்களையும் கேட்க வேண்டும். கங்காருக் குடும்பத்துக்கு ஆர்ஏஜி-1, பிஆர்சிஏ-1, ஐஆர்பிபி ஆகிய கரு மரபணுக்கள் ஏற்கெனவே பயன்பட்டவை. இவை மெதுவாக மாறுவதால், அண்மையில் பிரிந்த இனங்களுக்கு இடையே வேறுபாடு குறைவாகவே தெரியும். ஒவ்வொன்றுக்கும் தனி மரம் வரைந்து மைட்டோகாண்ட்ரியா மரத்தின் பக்கத்தில் வையுங்கள். முரண்படும் கணு இரண்டிலும் பலமாக இருந்தால் பழைய கலப்பினமோ, முன்னோரின் மரபணு வகைகள் இன்னும் முழுதாகப் பிரியாமல் இருப்பதோ காரணமாகலாம். ஒன்றில் பலவீனமாக இருந்தால், இன்னும் சில மரபணுக்களைச் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.