ஒரே பெடலில் ஈ-யிலிருந்து ஏ-வுக்கு: 1954-இன் ஸ்டீல் ஒலியை இன்றைய ஈ9 கருவியில் அமைப்பது

வெப் பியர்ஸ் பாடி 1954-இல் அமெரிக்கக் கன்ட்ரி வரிசையில் முதலிடம் பிடித்த 'ஸ்லோலி' பாட்டில் பெடல் ஸ்டீல் கிட்டார் (படுக்கவைத்து, தந்திமேல் உலோகக் கட்டையை நகர்த்தியும் காலால் பெடலை மிதித்தும் வாசிக்கும் கிட்டார்) வாசித்த பட் ஐசக்ஸ், தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். ஈ-யை ஆதாரமாக வைத்துச் சொன்னால், பி சி ஷார்ப்புக்கும் ஜி ஷார்ப் ஏ-வுக்கும் ஏறின, ஈ அசையவில்லை. ஈ மேஜர் ஏ மேஜராகியது. பெடல் அதற்கு முன்பே இருந்தது, ஆனால் பெரும்பாலும் டியூனிங்கை மாற்றிக்கொள்ளத்தான் பயன்பட்டது.

இன்றைய 10 தந்தி ஈ9-இல் (ஈ-யை ஆதாரமாகக் கொண்ட பெடல் ஸ்டீல் டியூனிங்) இந்த மாற்றம் இரண்டு பெடலாகப் பிரிந்திருக்கிறது. வாசிப்பவருக்குத் தொலைவிலுள்ள 1-ஆம் தந்தியிலிருந்து: எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி. தடிமன் அதே வரிசையில், அங்குலத்தில்: .013, .015, .011, .014, .017, .020, .026, .030, .034, .036. 'ஏ' பெடல் 5, 10-ஐ ஒரு முழுச் சுரம் ஏற்றும். 'பி' பெடல் 3, 6-ஐ அரைச் சுரம். முதல் இரண்டு தந்திகள் ஸ்டீல் கலைஞர் பட்டி எம்மன்ஸ் 1962-இல் சேர்த்தவை. பழைய ஒலி வேண்டுமென்றால் அவற்றை மீட்டாதீர்கள். 3, 4, 5, 6 போதும்.

கருவியைப் பிரிக்கும் முன் ஒரே பாதத்தால் ஏ, பி இரண்டையும் சேர்த்து மிதித்துப் பாருங்கள். பலருக்கு இதுவே போதும். ஒரு பெடல் முந்தி அடி தொட்டால் பெடலைக் கருவியோடு இணைக்கும் ராடின் (கம்பியின்) நீளத்தை மாற்றி உயரத்தைச் சமப்படுத்துங்கள்.

உண்மையிலேயே ஒரே பெடல் வேண்டுமென்றால், ஆல்-புல் கருவியில் (எல்லா மாற்றத்தையும் ராடை இழுத்தே செய்வது) 'ஏ' பெடலின் குறுக்குத் தண்டில் 3, 6-க்கு நேராக இரண்டு பெல் கிராங்க் (தண்டு சுழலும்போது ராடை இழுக்கும் சிறு நெம்பு), இரண்டு ராடு, இரண்டு நைலான் டியூனர் (ராடின் முனையில் ஏற்றத்தின் அளவைச் சரிசெய்யும் திருகு) சேர்க்க வேண்டும். சேஞ்சரில் (தந்திகளின் சுருதியை மாற்றும் முனைப் பொறி) அந்த இரண்டு தந்திக்கும் ஏற்றத் துளை காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இல்லையென்றால் 'பி' பெடலின் ராடுகளைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

சிக்கல் வருவது நேரத்தில்தான். முழுச் சுரத்துக்கு இழுவை அதிகம், அரைச் சுரத்துக்குக் குறைவு. டியூனரைத் தளர்த்தி மட்டும் சரிசெய்தால் பி தந்தி முதலில் நகரும், ஜி ஷார்ப் தந்தி பிறகு கிளம்பும். வழுக்கல் இரண்டு துண்டாகக் கேட்கும். 3, 6-இன் ராடுகளைப் பெல் கிராங்க்கில் தண்டுக்கு நெருக்கமான துளைக்கு மாற்றினால் இழுவை குறைந்து இரண்டும் ஒன்றாகப் புறப்படும். மாறாக டியூனரை அதிகம் முறுக்கினால் பெடலை விட்ட பிறகும் ஃபிங்கர் (சேஞ்சரில் தந்தியைத் தாங்கி அசையும் உறுப்பு) தன் இடத்துக்குத் திரும்பாது. திறந்த சுரம் (பெடல் மிதிக்காத நிலை) சுருதி ஏறியே நிற்கும். நான்கு தந்தியை ஒரே கால் இழுப்பதால் பெடல் கனக்கும், அது தவறல்ல. அடிக்கடி அறுவது 3-ஆம் தந்தி, அதுவும் ஃபிங்கரின் மேல் வளைவில். உபரி .011 கையில் இருக்கட்டும்.

சுருதி: முதலில் தலைப்பக்கத்தில் திறந்த சுரங்கள், பிறகு பெடலை மிதித்து நைலான் டியூனர். (ராடைத் தள்ளியும் இழுத்தும் மாற்றும் புஷ்-புல் கருவிகளுக்கு வேறு முறை.) ஈ-யைப் பூஜ்யத்தில் வைத்து, ஜி ஷார்ப் −14 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), பி +2, ஏறிய ஏ −2, ஏறிய சி ஷார்ப் −16. ஜி ஷார்ப்பை டியூனர் காட்டும் நடுக்கோட்டிலேயே வைத்தால் மேஜர் கார்டு கரகரக்கும். 7-ஆம் தந்தியின் எஃப் ஷார்ப்பை பி-யோடு இசையும்படி +4-இல் வைத்தால், ஏறிய சி ஷார்ப்போடு சேரும்போது சுமார் 22 சென்ட் பிசகும். இதற்குத்தான் சிலர் காம்பன்சேட்டர் ராடு (பெடலை மிதிக்கும்போது எஃப் ஷார்ப்பைச் சற்று இறக்கும் ராடு) மாட்டுகிறார்கள். ஈ–ஏ மாற்றத்தை மட்டும் வாசிப்பவர்களுக்கு அது தேவையில்லை.

ஒரே பெடலை மீண்டும் ஏ, பி எனப் பிரிக்கும்போது பெடல்களின் வரிசையை முடிவுசெய்யுங்கள். எம்மன்ஸ் அமைப்பில் இடமிருந்து ஏ, பி, சி. ஸ்டீல் கலைஞர் ஜிம்மி டேயின் அமைப்பில் சி, பி, ஏ. எதிலும் பி நடுவில்தான், ஆகவே கணுக்கால் எந்தப் பக்கம் எளிதாகச் சாய்கிறது என்பதே கேள்வி. 'சி' பெடல் 4-ஐ எஃப் ஷார்ப்புக்கும் 5-ஐ சி ஷார்ப்புக்கும் ஏற்றும். 5-ஆம் தந்திக்கு இப்போது இரண்டு டியூனர் இருக்கும். ஏ பெடலில் முதலில் சரிசெய்து, பிறகு சி பெடலை மிதித்து அதே சுருதிக்குக் கொண்டுவாருங்கள்.