மலையில இருந்து திமிங்கலம் பாக்கப் போறவங்களுக்கு

பண்டாரவளை, ஹப்புத்தளை பக்கம் இருந்து போறீங்கன்னா நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் தெற்குக் கரையில இருக்கிற மிரிஸ்ஸ தான், மே மாசத்துக்குப் பிறகு தென்மேற்கு பருவக்காத்துல அங்க கடல் கொந்தளிச்சிரும், அப்ப திருகோணமலைக்குப் போங்க. போட் விடிய ஆறு, ஆறரைக்கெல்லாம் கிளம்பிரும், அதனால மிரிஸ்ஸவுக்குப் போறீங்கன்னா முதல் நாளே வெல்லவாய வழியா இறங்கிப் போய் மிரிஸ்ஸவுலயே தங்கிருங்க.

வாந்தி மாத்திரைய போட் ஏறுறதுக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே போடணும், தலை சுத்தின பிறகு போட்டு பிரயோசனமே இல்ல. நடுவுல உக்காந்து தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டப் பாருங்க, போன நோண்டாதீங்க. காலைல அமைதியா இருந்தாலும் வெயில் ஏற ஏற காத்து எழும்பலாம், லைஃப் ஜாக்கெட்ட கழட்டவே வேணாம், போட்காரர் திரும்பலாம்னா தயவுசெஞ்சு சண்டை புடிக்காதீங்க.

நீலத் திமிங்கலம் மூச்சு விட்டா 9 மீட்டர் உசரம் வரைக்கும் பீச்சும், அதத்தான் தேடணும். விரட்டிப் போற போட்ல ஏறாதீங்க, 100 மீட்டராவது தள்ளி நிக்கிறவங்களோட போங்க, அது மூச்செடுக்க மேல வருது, வழிய மறிக்கிறது பாவம்.