ஓட்டத்தையே நம்பும் அணியை எதிர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு இந்த வருஷம் வந்த உதவிக் கோச்சுகள் நல்ல பிள்ளைகள், உழைப்பாளிகள். ஆனால் டிரிபிள் ஆப்ஷன், அதாவது மூன்று பேரில் யார் பந்தோடு ஓடுவது என்று ஓடும்போதே முடிவெடுக்கும் ஆட்டம், ஆடும் அணியோடு ஆட்டம் என்றதும், பத்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த தவறுகளை ஒன்றுவிடாமல் செய்கிறார்கள். குனிந்து அடி, கால்களைப் பிடி என்பதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தந்திருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ் அணிகள் பல வருஷம் விடாமல் ஆடிவந்த ஆட்டம் இது. ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை நடுவில் பாயும் ஃபுல்பேக்கிடம் கொடுக்கலாம், தானே வைத்துக்கொண்டு ஓடலாம், இல்லையென்றால் வெளிப்பக்கம் சுற்றி வரும் ஸ்லாட்பேக்குக்குப் பிட்ச் போடலாம், அதாவது பக்கவாட்டில் எறியலாம். நம் ஆட்களில் இரண்டு பேரை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிட்டு, அவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்த்துத்தான் முடிவெடுப்பான். அதனால் ஃபுல்பேக்குக்கு ஒருவன், குவார்ட்டர்பேக்குக்கு ஒருவன், பிட்ச்சுக்கு ஒருவன் என்று பிரித்துக் கொடுக்கிறோம். பந்து யாரிடம் இருந்தாலும் அவனவன் ஆளை அவனவன் அடிக்க வேண்டும்.

தன் ஆளை விட்டவனுக்குக் கைதட்டுவது

இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். ஒரு ஆட்டத்தின் ஆரம்பத்தில், குவார்ட்டர்பேக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டிய எங்கள் டிஃபென்சிவ் எண்ட் (தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவன்) உள்ளே பாய்ந்து ஃபுல்பேக்கை இரண்டு யார்டு பின்னாலேயே சாய்த்துவிட்டான். சைட்லைன் முழுக்கக் கூச்சல். நானும் ஓடிப்போய் அவன் ஹெல்மெட்டைத் தட்டிக்கொடுத்தேன். உண்மையில் அங்கே தப்பு செய்தது எதிரணி குவார்ட்டர்பேக்தான். எண்ட் உள்ளே வருவதைப் பார்த்ததும் பந்தை உருவிக்கொண்டு ஓடியிருக்க வேண்டியவன், பார்க்கத் தவறிக் கொடுத்துவிட்டான். நான் பாராட்டியது அந்த அதிர்ஷ்டத்தை.

அப்புறம் என்ன, எங்கள் எண்ட் மறுபடியும் உள்ளே பாய்ந்தான், அவனுக்குக் கிடைத்த தட்டலைப் பார்த்த, வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரும் பிட்ச் ஆளை விட்டுவிட்டு உள்ளே வர ஆரம்பித்தான், மூன்றாவது குவார்ட்டருக்குள் எதிரணி கோச் இதைக் கவனித்துவிட்டார். பந்தை ஃபுல்பேக்கின் வயிற்றில் வைத்து உருவினார்கள், வெளியே ஒரு ஆள் இல்லை, பாதி மைதானத்தை ஓடிக் கடந்து டச்டவுன். அடுத்த முறை அவர்கள் பந்தைப் பிடித்தபோதும் அதே பக்கம், அதே ஓட்டம். தோற்றோம்.

மறுநாள் வீடியோ போட்டுப் பார்க்கும்போது அந்தப் பையனைக் கண்டித்தேன். "கோச், முதல் தடவை இதையேதானே செஞ்சேன், அப்போ தட்டிக்கொடுத்தீங்களே?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

அன்றிலிருந்து மார்க் போடும் முறையை மாற்றிவிட்டேன். தன் ஆளைச் சரியாக அடித்தவனுக்கு, பந்து வேறு பக்கம் போயிருந்தாலும், முழு மார்க். தன் ஆளை விட்டுவிட்டு டேக்கிள் செய்தவனுக்கு, அது எவ்வளவு அழகான டேக்கிளாக இருந்தாலும், மைனஸ். அதையும் அடுத்த நாள் வரை வைத்திருக்காமல் அங்கேயே, சைட்லைனுக்கு வந்ததுமே சொல்லிவிட வேண்டும். கூட்டம் கைதட்டிக்கொண்டிருக்கும்போது அந்தப் பையனிடம் "அது உன் ஆள் இல்லை" என்று சொல்வது கஷ்டம்தான். போன வாரம் ஒரு இளம் கோச், பிட்ச் ஆளை விட்டுவிட்டு குவார்ட்டர்பேக்கைச் சாய்த்த பையனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். எனக்கு வயிறு கலங்கியது.

நம் பையன்கள் உடம்பில் பெரியவர்கள், சமாளித்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். 2013 நவம்பரில் இதே ஆட்டத்தை ஆடிய சிறிய அணியான ஜார்ஜியா சதர்ன், பெரிய அணியான ஃப்ளோரிடாவை அதன் சொந்த மைதானத்திலேயே 26-20 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் அவர்கள் ஒரு பாஸைக்கூட முடிக்கவில்லை, ஓடியே 429 யார்டு எடுத்தார்கள்.

முதல் நாளே பந்தோடு பயிற்சி தருவது

பந்து இருந்தால் கண் அதன் பின்னாலேயே போகும். முதல் இரண்டு நாள் பந்தை எடுத்துவிட்டு, எதிரணி மாதிரி ஆடும் பையன்களை வெறுங்கையோடு ஓடவிடுங்கள். மூன்று பேரும் ஒவ்வொரு தடவையும் தரையில் விழ வேண்டும்.

சேஃப்டியை மறப்பது

இருபது ஓட்டத்துக்கு அப்புறம் ஒரு பாஸ் வரும். அது கடைசி ஆளாகப் பின்னால் நிற்க வேண்டியவன், முன்னால் ஓடிவந்துவிட்ட சேஃப்டியின் தலைக்கு மேலேதான் போகும்.

ரூல் மாறிவிட்டது என்று கட் பிளாக் பயிற்சியைக் கைவிடுவது

2022-இல் கட் பிளாக்கை, அதாவது இடுப்புக்குக் கீழே தடுப்பதைக் கட்டுப்படுத்தினார்கள். ஒழிக்கவில்லை. லைன்மேன்கள் டேக்கிள் பாக்ஸ் என்னும் நடுப்பகுதிக்குள் இன்னும் முழங்காலுக்கு வருவார்கள்.

நம் அட்டாக்குக்குப் பந்து வந்ததும் அவசரப்படுவது

இது டிஃபென்ஸ் கோச்சின் வேலை இல்லை என்பார்கள். 2018-இல் ஓக்லஹோமாவோடு ஆடிய ஆர்மி, 60 நிமிஷத்தில் 44 நிமிஷத்துக்கு மேல் பந்தைத் தன்னிடமே வைத்திருந்தது. அந்த வருஷம் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய கைலர் மர்ரே ஓக்லஹோமா அணியில் இருந்தும், அந்த அணி கூடுதல் நேரத்தில்தான் 28-21 என்று தப்பித்தது. நம் அட்டாக் மூன்று பாஸை வீசி மூன்றும் கீழே விழுந்தால், ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, தண்ணீர் குடித்து முடிக்காத டிஃபென்ஸ் பையன்கள் மறுபடி மைதானத்துக்குப் போக வேண்டும். ஆட்டத்துக்கு முன்னாலேயே அட்டாக் கோச்சோடு உட்கார்ந்து இதைப் பேசி வைத்துவிடுங்கள்.