பழைய புல்லட்டுக்குப் பின் ஷாக் அப்சார்பர் தேர்ந்தெடுப்பது எப்படி: அளவெடுப்பது முதல் மாட்டுவது வரை

என்னிடம் இருப்பது 1989-ஆம் ஆண்டின் 350 புல்லட். வார்ப்பிரும்பு என்ஜின், வலது கால் கியர். சென்ற ஆண்டு அதன் பின் ஷாக் அப்சார்பர்களை மாற்றினேன். முதலில் வாங்கிய ஜோடி பொருந்தவில்லை, இரண்டாவது ஜோடியில்தான் வண்டி இப்போது ஓடுகிறது. பொருந்தாமல் போனதற்குக் காரணம் நான் அளவெடுத்த விதம்தான் என்பதால், அந்த ஒரு படியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஸ்பேனர் பிடிப்பதும் சென்டர் ஸ்டாண்ட் போடுவதும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். யெஸ்டி, ராஜ்தூத், ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

1949-இல் இங்கிலாந்தில் 350 புல்லட் வெளிவந்தபோதே அதில் ஸ்விங் ஆர்மும் (பின்சக்கரத்தைப் பிடித்தபடி மேலும் கீழும் அசையும் கை) இரண்டு ஷாக்குகளும் இருந்தன. பின்சக்கரம் சேசிஸோடு அசைவின்றிப் பிணைக்கப்பட்ட வண்டிகள் சாலையில் நிறைய ஓடிய காலம் அது. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, பிறகு திருவொற்றியூரில் உருவான புல்லட்டுகளும் அதே அமைப்பைத்தான் தொடர்ந்தன. இத்தனை ஆண்டுகளில் பல பேர் பல அளவில் ஷாக் செய்து விற்றுவிட்டார்கள். இன்று உங்கள் வண்டியில் இருப்பது கம்பெனியில் மாட்டிய ஷாக்தான் என்று நம்பி, அதன் அளவை அப்படியே எடுத்துவிடக் கூடாது.

முதல் படி: ஷாக்தான் கெட்டிருக்கிறதா என்று பாருங்கள்

ஷாக் அப்சார்பருக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிக்கொண்டு போகும்போது, ஸ்பிரிங்கின் துள்ளல் அடங்குகிறது. இதைத்தான் டேம்பிங் என்கிறோம். வண்டியின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பலமாக அமுக்கிச் சட்டென்று விடுங்கள். ஒரு முறை மேலே வந்து நின்றால் டேம்பிங் இருக்கிறது. இரண்டு மூன்று முறை ஊஞ்சல்போல ஆடினால் போய்விட்டது. ஷாக்குக்குள் போய்வரும் ராடைச் சுற்றி எண்ணெய்க் கசிவும் அதில் ஒட்டிய கறுப்புத் தூசியும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஸ்பீடு பிரேக்கரில் பின்பக்கம் இடிக்கிறது என்று சொன்னால், பல கடைகளில் உடனே 'ஹார்டு ஸ்பிரிங் போட்டுவிடலாம்' என்பார்கள். டேம்பிங் போன ஷாக்கில் ஸ்பிரிங்கை மட்டும் கெட்டியாக்கினால் இடிப்பது குறையும், துள்ளுவது கூடும். பள்ளமான வளைவில் சக்கரம் தரையை விட்டுவிட்டுப் பிடிக்கும். அந்த யோசனையை ஏற்க வேண்டாம்.

செலவு செய்வதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டுங்கள். ஸ்விங் ஆர்மோடு சேர்ந்து ஆடினால் அதன் புஷ் (அச்சைச் சுற்றியிருக்கும் உறை) தேய்ந்திருக்கிறது. எவ்வளவு நல்ல ஷாக்கும் அந்த ஆட்டத்தை நிறுத்தாது.

இரண்டாம் படி: நீளம்

நான் தவறியது இங்கேதான். வண்டி சைடு ஸ்டாண்டில் நின்றுகொண்டிருக்க, மேல் போல்ட்டின் நடுவிலிருந்து கீழ் போல்ட்டின் நடுவரை டேப்பால் அளந்தேன். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் எடையில் பெரும்பகுதி சக்கரத்தின் மேல்தான் இருக்கிறது, எனவே ஷாக் ஏற்கெனவே அமுங்கியிருக்கிறது. போதாததற்கு மேல் கண்ணின், அதாவது போல்ட் நுழையும் வளையத்தின், ரப்பர் புஷ் நைந்து, போல்ட் கண்ணின் நடுவில் இல்லாமல் ஓரம் ஒதுங்கியிருந்தது. இரண்டும் சேர்ந்து, ஏறத்தாழ 2 செ.மீ. குறைவான ஷாக்கை வாங்கிவிட்டேன்.

மாட்டி முடித்ததும் முதலில் உறுத்தியது சைடு ஸ்டாண்ட். வண்டி தாழ்ந்துவிட்டதால் சாய்வு குறைந்து ஏறத்தாழ நேராக நின்றது. லேசாக இடித்தால் வலப்பக்கம் விழுந்துவிடும் நிலை. சென்டர் ஸ்டாண்டில் ஏற்றவும் முன்பைவிடப் பலம் தேவைப்பட்டது, ஏனென்றால் தாழ்ந்த வண்டியைக் கூடுதல் உயரத்துக்குத் தூக்க வேண்டியிருந்தது. மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியபோது 'சரக்' என்று ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து மட்கார்டுக்குள் கைவிட்டுப் பார்த்தேன். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் உரிந்து தகரம் வழவழப்பாக இருந்தது. விரலில் டயரின் கறுப்புப் பொடி ஒட்டியது. அன்றே அந்த ஜோடியைக் கழற்றிவிட்டேன்.

நீளமான ஷாக் வாங்கினாலும் தொல்லைதான், வேறு வகையில். சென்டர் ஸ்டாண்ட் போட்டாலும் பின்சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும், பஞ்சர் பார்க்கவோ செயினுக்கு எண்ணெய் விடவோ சக்கரத்தைச் சுற்ற முடியாது. புல்லட்டின் இரு சக்கர மையங்களுக்கும் இடையே 1370 மி.மீ. இருக்கிறது, பின்பக்கம் 20 மி.மீ. உயர்ந்தால் முன் ஃபோர்க்கின் சாய்வு சுமார் 0.8 பாகை குறைந்து நிமிரும். ஹேண்டில் இலகுவாகத் திரும்பும் என்பது உண்மை. ஆனால் நேராகப் போகும்போது புல்லட்டுக்கு இருக்கும் அந்த நிதானம் குறையும், எனக்கு அதுதான் முக்கியம். 5 மி.மீ. கூடக்குறைய இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், 10 மி.மீட்டரைத் தாண்டினால் வாங்காதீர்கள்.

சரியாக அளக்கும் முறை இது. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு பக்கத்து ஷாக்கை மட்டும் கழற்றுங்கள். இன்னொரு ஷாக் ஸ்விங் ஆர்மைப் பிடித்துக்கொண்டிருக்கும். கழற்றிய ஷாக்கைத் தரையில் கிடத்தி, மேல் கண்ணின் வெளி விளிம்பிலிருந்து கீழ் கண்ணின் வெளி விளிம்புவரை ஓர் அளவும், இரு கண்களின் உள் விளிம்புகளுக்கு இடையே ஓர் அளவும் எடுங்கள். வெளி விளிம்பு என்றால் ஷாக்கின் இரு கோடிகள். உள் விளிம்பு என்றால் கண் வளையங்கள் ஒன்றையொன்று பார்த்திருக்கும் பக்கம். இரண்டு எண்களையும் கூட்டி இரண்டால் வகுத்தால் மையத்திலிருந்து மையத்துக்கான நீளம் கிடைக்கும். இரண்டு கண்களும் வெவ்வேறு பருமனாக இருந்தாலும் கணக்குப் பிசகாது, மையம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் குத்துமதிப்பாகப் பார்க்கவும் வேண்டியதில்லை. துணி டேப் வேண்டாம், இழுத்தால் நீளும். ஸ்டீல் ஸ்கேலால் அளங்கள்.

வண்டியில் இருப்பது கம்பெனி நீளம்தானா என்பதில் ஐயம் இருந்தால், கைவைக்காத வேறு இரண்டு வண்டிகளை அளந்து ஒப்பிடுங்கள். மெக்கானிக் சொல்லும் எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள், அவர் எந்த நிலையில் அளந்தார் என்பது நமக்குத் தெரியாது.

மூன்றாம் படி: கண், புஷ், போல்ட்

மூன்று அளவுகள் வேண்டும்: போல்ட்டின் பருமன், புஷ்ஷின் உள் குழாயின் அகலம், அந்த இடத்தில் ஷாக்கைச் சுற்றி இருக்கும் இடைவெளி. முதல் இரண்டுக்கும் வெர்னியர் காலிப்பர் தேவை. டிஜிட்டல் வேண்டாம், பேட்டரி இறங்கிய நாளில்தான் அது நமக்குத் தேவைப்படும், சாதாரண ஸ்டீல் வெர்னியரே போதும். புது ஷாக்கின் துளை பெரிதாக இருந்தால் சரியான அளவில் உள்குழாய் கடைந்து போடலாம். துளை சிறிதாக இருந்தால் போல்ட்டைத் தேய்த்து மெலிதாக்குவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். இரண்டு பேரின் எடையையும் தாங்கும் போல்ட் அது.

மூன்றாவதைப் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள். பழைய ஷாக்கைவிடப் புது ஸ்பிரிங் பருமனாக இருந்தால் ஒரு பக்கம் செயின் கவரிலும், மறுபக்கம் சைலன்சரிலும் உரசும். என் வண்டியில் சேலை கார்டின் பட்டையும் அதே போல்ட்டில்தான் மாட்டியிருந்தது, அதனால் ஒரு வாஷர் தடிமனுக்கு நீளமான போல்ட் தேவைப்பட்டது.

நான்காம் படி: எந்த வகை ஷாக்

பழைய பாணி எண்ணெய் ஷாக், நைட்ரஜன் அடைத்த கேஸ் ஷாக், பக்கத்தில் தனி டப்பா வைத்த ஷாக் என்று மூன்றும் கடையில் வரிசையாகத் தொங்கும். நைட்ரஜனின் வேலை எண்ணெயை அழுத்தத்தில் வைத்து, தொடர்ந்து குலுங்கும்போது நுரை தட்டாமல் பார்த்துக்கொள்வது. நுரைத்த எண்ணெய் துளையில் நெருக்காமல் நழுவிவிடும், டேம்பிங் மறைந்துவிடும். கரடுமுரடான சாலையில் நெடுந்தூரம் போகிறவருக்கு இது உண்மையாகவே பயன் தரும். நகருக்குள் ஓட்டுகிறவர் நல்ல எண்ணெய் ஷாக் போட்டாலே நிம்மதியாக ஓட்டலாம். தனி டப்பா புல்லட்டுக்குத் தேவையே இல்லை என்பது என் முடிவு. உள்ளே இணைப்பே இல்லாமல் அழகுக்காக ஒட்டிய டப்பாக்களும் விற்கின்றன.

கேப்ரியல் இந்தியா போன்ற உள்ளூர்த் தயாரிப்பு, தாய்லாந்தின் ஒய்.எஸ்.எஸ்., இங்கிலாந்தின் ஹேகன் என்று எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: கண்ணுக்குக் கண் நீளம் எவ்வளவு? ராடு மொத்தம் எவ்வளவு அமுங்கும்? இரண்டுக்கும் எண்ணில் பதில் வராவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள். சென்னையில் ஜி.பி. ரோட்டில் கடைகளுக்குப் பஞ்சமில்லை. புதுப்பேட்டையில் பழைய ஷாக் மலிவாகக் கிடைக்கும். அங்கே டேங்க் வாங்குவேன், மட்கார்டு வாங்குவேன். ஷாக் மட்டும் வாங்க மாட்டேன், ஏனென்றால் உள்ளே தேய்ந்திருப்பது வெளியே தெரியாது.

ஐந்தாம் படி: ஸ்பிரிங் உங்கள் எடைக்குப் பொருந்துகிறதா

இதற்கு உடன் ஒருவர் வேண்டும். பின்சக்கரம் தரையைத் தொடாதபோது, அச்சின் நடுவிலிருந்து அதற்கு நேர் மேலே மட்கார்டில் ஒட்டிய டேப்புத் துண்டுவரை அளங்கள். பிறகு வண்டியைச் சக்கரத்தில் நேராக நிறுத்தி அளங்கள். கடைசியாக நீங்கள் ஏறி உட்கார்ந்து, கால்களை ஃபுட்ரெஸ்டில் வைத்த நிலையில் அளக்கச் சொல்லுங்கள். முதல் எண்ணுக்கும் மூன்றாம் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரத்தின் மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். மொத்தம் 75 மி.மீ. என்றால் 25 மி.மீ. கீழ் போல்ட் அச்சுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், ராடு அமுங்கும் அளவைவிடச் சக்கரத்தின் அசைவு சற்றே கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

ஸ்பிரிங்கின் கீழே அதைத் தாங்கி இருக்கும் வளையத்தை கொக்கி ஸ்பேனரால் திருப்பினால் ஸ்பிரிங் கெட்டியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆவதில்லை. ஸ்பிரிங்கின் கடினம் மாறாது, வண்டி நிற்கும் உயரம்தான் மாறும். இதிலிருந்தே ஒரு சோதனை கிடைக்கிறது. நீங்கள் உட்கார்ந்த அளவு 25 மி.மீ. வருவதற்கு வளையத்தைக் கடைசிப் படிவரை ஏற்ற வேண்டியிருக்கிறது, ஆனால் ஆள் இல்லாதபோது வண்டி தன் எடைக்குத் துளியும் அமுங்கவில்லை என்றால், ஸ்பிரிங் உங்களுக்கு மென்மையானது. உட்கார்ந்த அளவு சரியாக இருந்தும் ஆள் இல்லாமலேயே வண்டி நிறைய அமுங்கினால், ஸ்பிரிங் கடினமானது. ஆள் இல்லாதபோது 10 மி.மீ. அளவுக்கு அமுங்குவதை நான் நல்ல அறிகுறியாகக் கொள்கிறேன்.

ஆறாம் படி: மாட்டுவது

ஒவ்வொரு பக்கமாகவே மாற்றுங்கள்; இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் சக்கரம் கீழே சரியும். சக்கரத்துக்கு அடியில் ஒரு பலகையைச் செருகிவைத்தால் துளைகள் நேராக வந்து அமரும். ரப்பர் புஷ்ஷுக்குச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், கிரீஸ் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும். நட்டுகளை ரிங் ஸ்பேனரால் திருகுங்கள். ஸ்குரு ஸ்பேனர் நட்டின் முனைகளைத் தின்றுவிடும். கடைசி இறுக்கத்தை வண்டியைச் சக்கரத்தில் இறக்கிய பிறகு கொடுத்தால் ரப்பர் முறுக்கிக்கொள்ளாது. செயின் தளர்ச்சியையும் மறுபடி பாருங்கள். கியர்பாக்ஸ் பல்சக்கரம், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும், அந்த நிலையில்தான் தளர்ச்சியை அளக்க வேண்டும்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், புது ஷாக்கை அமுக்கினால் முதல் அரை அங்குலம் பிடிப்பே இல்லாமல் 'லொடக்' என்று இறங்குவதாகவும், கடையில் ஏமாற்றிவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தார். அது பெரும்பாலும் பழுது அல்ல. எண்ணெய் ஷாக் பல மாதங்கள் பெட்டியில் படுத்தே கிடந்தால், ராடு இறங்கும் உருளைக்குள் இருக்கும் குழாயில் காற்று புகுந்துவிடும். மாட்டும் முன், ராடு மேலாகவும் உருளை கீழாகவும் இருக்கும்படி ஒரு பலகை மேல் நிமிர்த்தி நிறுத்தி, உடல் எடை முழுவதையும் கொடுத்துப் பத்துப் பதினைந்து முறை மெதுவாக அமுக்கி விட வேண்டும். காற்று மேலேறி வெளியேறும்போது உள்ளே கொப்புளம் உடைவதுபோல மெல்லிய சத்தம் கேட்கும், பிறகு தொடக்கத்திலிருந்தே கை எதிர்ப்பை உணரும். அவரும் அப்படியே செய்து, சரியாகிவிட்டது என்று மறுநாள் எழுதினார்.

தலைகீழாக மாட்டலாமா என்று வேறு இருவர் கேட்டிருந்தார்கள். எண்ணெய்க்கும் நைட்ரஜனுக்கும் நடுவே தடுப்புப் பிஸ்டன் உள்ள கேஸ் ஷாக்கை எப்படி வேண்டுமானாலும் மாட்டலாம். சாதாரண எண்ணெய் ஷாக்கில் உருளை கீழேதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன காற்று ஒவ்வொரு பள்ளத்திலும் திரும்ப உள்ளே வந்துகொண்டே இருக்கும்.