தப்பாகப் போட்ட விடையைத் திரும்பிப் பாருங்கள்: நீட், ஜேஇஇ தயாரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்க இடமில்லாத பிள்ளைகள் காலையிலேயே வந்துவிடுவார்கள். நான் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் என்று தெரிந்ததும் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். யாருடைய உழைப்பிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் பாதி வீணாகப் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி நீட்டுக்காக 40 மாதிரித் தேர்வு எழுதியிருந்தாள். “எத்தனை எழுதினாலும் 400-ஐத் தாண்ட மாட்டேங்குது சார்” என்றாள். கடைசி நாலு தாளையும் மேசையில் விரித்துப் பார்த்தோம். இயற்பியலில் சூத்திரமெல்லாம் சரி, சென்டிமீட்டரை மீட்டராக மாற்றாமல் விட்டிருந்தாள். உயிரியலில் “தவறான கூற்று எது?” என்ற கேள்விக்குச் சரியான கூற்றைக் குறித்திருந்தாள். நாலு தாளிலும் இதே கதை. பாடம் தெரியாமல் போன கேள்விகள் கொஞ்சம்தான். “மார்க்கைப் பார்த்துட்டு பேப்பரை உள்ள வச்சிடுவேன் சார்.”

நீட்டில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு. அப்படியானால் தெரிந்த கேள்வியைத் தப்பாகப் போட்டால் 5 மதிப்பெண் போகிறது. பத்துக் கேள்வி என்றால் 50. இன்னொரு டெஸ்ட் சீரிஸ் வாங்கினால் இது சரியாகாது. மூன்று மணி நேரம் தேர்வு எழுதினால், தப்பானதைப் பார்க்க இன்னொரு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு நோட்டில் தெரியாதது, தெரிந்தும் விட்டது, குத்துமதிப்பாகப் போட்டது என்று தனித்தனியாக எழுதுங்கள். இரண்டாவது பட்டியல்தான் சீக்கிரம் குறையும்.

எங்கே, எப்போது எழுதிப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். பலர் விடியற்காலையில், செல்போனில் விரலால் தொட்டுத்தான் பயிற்சி எடுக்கிறார்கள். 2023, 2024, 2025 மூன்று வருடமும் நீட் நடந்தது மே முதல் ஞாயிறு, பிற்பகல் 2 மணிக்கு; வட்டங்களை நிரப்பும் ஓஎம்ஆர் தாளில், பேனாவால். மதுரையில் அந்த நேரத்து வெயிலைச் சொல்லவே வேண்டாம். சாப்பிட்ட பின் கண் சொக்கும் அந்த வேளையில், வாரம் ஒரு முறையாவது தாளில் எழுதிப் பழகுங்கள்.

பெற்றோர் செய்யும் ஒரு தவறு எனக்கு ரொம்ப வருத்தம் தருவது. பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, கோச்சிங்கும் சேர்த்துத் தருகிறார்கள் என்று பதினொன்றாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. அதில் சேர்ந்தால் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கடைசி இரண்டு வருடத்தில் பள்ளி மாறினால் அந்த வாய்ப்பு போய்விடும். டிசி வாங்கும் முன் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்தது, ஐஐடி, என்ஐடி போன்றவற்றுக்கான ஜேஇஇ மோகத்தில் பிளஸ் டூவை விடுவது. தமிழ்நாடு அரசின் கலந்தாய்வு வழியாகப் பொறியியல் சேர 2007 முதல் நுழைவுத் தேர்வே கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து, கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குப் போடும் கட்ஆஃப்தான் அங்கே பேசும். தியாகராசர் பொறியியல் கல்லூரியின் கலந்தாய்வு இடத்துக்கும் அதே கணக்கு.

தமிழ்வழி மாணவர்கள் விண்ணப்பத்தில் கூச்சப்பட்டு ஆங்கிலத்தை மட்டும் தேர்வு செய்ய வேண்டாம். தமிழ் கேட்டால் வினாத்தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வாசகம்தான் இறுதி. அதனால் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் தெரிந்து வைத்திருங்கள்.

அப்புறம், நீட்டை மறுபடி எழுதுபவர்களுக்கான ரிப்பீட்டர் வகுப்பு. மார்க் வந்த மறுநாளே பணம் கட்டிவிடாதீர்கள். தேர்வு முகமை உங்கள் ஓஎம்ஆர் நகலையும் விடைக்குறிப்பையும் இணையதளத்தில் போடும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மூன்று பட்டியலாக அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள்.